சைக்கிள் ரேக் மாட்டிய கேம்பர் வேனில் பின்கதவு ஸ்ட்ரட் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்நோக்கித் திறக்கும் ஒற்றைப் பின்கதவு, அந்தக் கதவிலேயே மாட்டிய சைக்கிள் ரேக். இந்த இரண்டும் சேர்ந்த வேன் வைத்திருப்பவர்களுக்குச் சில வருடங்களில் ஒரே தொல்லை வந்து சேரும்: திறந்த கதவு நிற்காது. எங்கள் வேனில் என் மகள் குனிந்து படுக்கை விரிப்பை இழுத்துக்கொண்டிருந்தபோது கதவு சத்தமில்லாமல் இறங்கி அவள் முதுகில் உட்கார்ந்தது. நல்லவேளையாகக் காயம் இல்லை. அன்றைக்குத்தான் கதவைத் தூக்கி நிறுத்துகிற ஸ்ட்ரட் என்ற இரண்டு கம்பிகளைப் பற்றி ஒழுங்காகத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். எங்கள் வேனுக்கு மாற்றினேன், பிறகு தெரிந்தவர்களின் வேன்களுக்கும் கூட நின்று மாற்றிக் கொடுத்தேன். போகிற இடமெல்லாம் அதே சந்தேகங்கள் வந்ததால் அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே எழுதி வைக்கிறேன். இரண்டு கதவுகளும் பக்கவாட்டில் திறக்கிற வேன்களுக்கு இது பொருந்தாது.

1. திறந்துவிட்டா கதவு நிக்க மாட்டேங்குது, மெல்ல இறங்கி வருது. ஸ்ட்ரட் போச்சா, இல்ல ரேக் கனமா இருக்குறதாலயா?

கதவின் இரு ஓரத்திலும் இருக்கிற கேஸ் ஸ்ட்ரட்களை, அதாவது பலர் டிக்கி ஷாக் என்று சொல்கிறவற்றை, வேன் தயாரிப்பாளர் வெறும் கதவின் எடைக்குக் கணக்குப் போட்டுத்தான் வைக்கிறார். அதற்கு மேல் கொஞ்சம் கூடுதல் பலமும் கொடுத்திருப்பார். ரேக் மாட்டும்போது அந்தக் கூடுதல் பலத்தைத்தான் முதலில் தின்கிறோம். அதன்பிறகு ஸ்ட்ரட் வயதாகிக் கொஞ்சம் பலம் இழந்தாலே போதும், கதவு இறங்கத் தொடங்கிவிடும். ஆகவே பெரும்பாலான வேன்களில் இரண்டு காரணமும் சேர்ந்தே இருக்கும்.

எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஒரே வழி, ரேக்கைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்து பார்ப்பது. ரேக் இல்லாமல் உறுதியாக நின்றால் ஸ்ட்ரட் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, சுமைக்குத்தான் போதவில்லை. ரேக் இல்லாமலும் இறங்கினால் ஸ்ட்ரட் தீர்ந்துவிட்டது. கூடவே ஸ்ட்ரட்டின் குழாயிலிருந்து வெளியே நீள்கிற பளபளப்பான கம்பி, அதாவது ராட் மீது விரலை ஓட்டிப் பாருங்கள். எண்ணெய் வழிந்து தூசி ஒட்டியிருந்தால் உள்ளே வாயுவை அடைத்து வைக்கிற சீல் விட்டுவிட்டது என்று அர்த்தம், அதற்குமேல் சோதனை தேவையில்லை.

2. உள்ள என்னதான் இருக்கு? கேஸ் திரும்ப அடிச்சு உபயோகிக்க முடியாதா?

உள்ளே இருப்பது நைட்ரஜன் வாயுவும் கொஞ்சம் எண்ணெயும். ராட்டின் உள்முனையில் இருக்கிற பிஸ்டனில் சிறு துளை இருப்பதால் அதன் இரு பக்கமும் வாயு அழுத்தம் ஒன்றுதான். ஆனால் ஒரு பக்கத்தில் ராட் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அந்த ராட்டின் குறுக்குப் பரப்பு அளவுக்கு மட்டும் தள்ளுவிசை மிச்சமாகிறது. அதுதான் கதவைத் தூக்குகிறது. எண்ணெயின் வேலை வேறு: சீல் காயாமல் பார்த்துக்கொள்வது, திறக்கும் கடைசிச் சில சென்டிமீட்டரில் வேகத்தைக் குறைப்பது. கதவு மேலே போய் 'டம்' என்று அடிக்க ஆரம்பித்தால் எண்ணெய் குறைந்திருக்கலாம்.

அழுத்தம் எவ்வளவு என்று ஒரு கணக்கு. ராட்டின் விட்டம் 10 மில்லிமீட்டர், ஸ்ட்ரட்டின் விசை 850 நியூட்டன் என்றால் உள்ளே சுமார் 108 பார் இருக்கிறது. கார் டயரில் நாம் அடிக்கிற காற்றைப் போல நாற்பது மடங்குக்கும் மேல். அதனால்தான் இதைத் துளைக்காதீர்கள், சூடாக்காதீர்கள், அறுக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சாதாரணமாக வேன்களில் வருவது முழுக்க மூடிய ஸ்ட்ரட். அதில் கேஸ் ஏற்ற வாயே கிடையாது.

3. காலைல நிக்கல, வெயில் ஏறினதும் நல்லா நிக்குது. அப்ப ஸ்ட்ரட் நல்லாத்தானே இருக்கு?

வாயு குளிர்ந்தால் அழுத்தம் குறையும். 20 டிகிரி செல்சியஸில் அளந்த விசையைத்தான் ஸ்ட்ரட்டில் அச்சிடுகிறார்கள். அங்கிருந்து ஒவ்வொரு 10 டிகிரி இறக்கத்துக்கும் ஏறக்குறைய 3.4 சதவீதம் விசை போகும். 850 நியூட்டன் ஸ்ட்ரட் 0 டிகிரியில் 790 போலவும், மைனஸ் 10 டிகிரியில் 765 போலவும்தான் தள்ளும். 40 டிகிரி வெயிலில் அதுவே 900ஐத் தாண்டும்.

உங்கள் கதவு மதியம் மட்டும் நிற்கிறது என்றால் அது விளிம்பில் நிற்கிறது என்று பொருள். அடுத்த குளிர் இரவில் கைவிடும். மலைப்பக்கம் போகிறவர்கள் புதிய ஸ்ட்ரட்டைத் தேர்வு செய்யும்போதும், தாங்கள் தங்கப்போகிற மிகக் குளிரான காலையை நினைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

4. ஒரு பக்கம்தான் எண்ணெய் கசியுது. அந்த ஒண்ண மட்டும் மாத்தினா போதாதா?

போதாது. இரண்டும் ஒரே வயது, ஒரே உழைப்பு. ஒன்று போனால் மற்றதும் வழியில்தான் இருக்கும். அதைவிட முக்கியமாக, ஒரு பக்கம் பலமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் தள்ளினால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கதவு முறுக்கப்படுகிறது. ரேக் எடையும் அதன்மேல் இருக்கையில் கீலும் கதவுத் தகடும் அதைத் தாங்கியே ஆக வேண்டும். எப்போதும் ஜோடியாக, ஒரே விசையில், ஒரே தயாரிப்பில் வாங்குங்கள்.

5. பழைய ஸ்ட்ரட் மேல ஏதோ நம்பர் அடிச்சிருக்கு. அதையே சொல்லி வாங்கினா சரியா இருக்குமா?

ஸ்டிக்கரில் 0700 அல்லது 0750 என்பது போல ஓர் எண்ணும் அதையொட்டி நியூட்டனைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும். அதுதான் விசை. பக்கத்திலேயே உதிரிபாக எண் இருக்கும். ரேக் இல்லாத வேன் என்றால் அந்த உதிரிபாக எண்ணைக் கொடுத்து வாங்கினாலே முடிந்தது. ரேக் இருந்தால் அளவுகள் அதேபோல, விசை மட்டும் கூடுதலாக வேண்டும். ஆகவே அளவுகளை நீங்களே குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலில், முழுதாக நீண்டிருக்கும்போது ஒரு முனைக் குழிவின் (வேனில் இருக்கும் பந்து போல்ட்டின் உருண்டைத் தலைமேல் உட்காரும் பள்ளம்) மையத்திலிருந்து மறுமுனைக் குழிவின் மையம் வரை நீளம். இது அதிகமாகிவிட்டால் கதவு அளவுக்கு மீறி மேலே போய்க் கூரைப் பெட்டியிலோ கூரை விளிம்பிலோ இடிக்கும். அடுத்தது ராட் உள்ளே போகும் தூரம். பலர் விட்டுவிடுவது இதைத்தான். புதிய ஸ்ட்ரட் முழுதாக அமுங்கியும், கதவு மூடியிருக்கும்போது உள்ள இடைவெளியைவிட நீளமாக இருந்தால் கதவு மூடும்போது அது அடிமுட்டும். அந்த நிலையில் கதவை அழுத்தினால் பிராக்கெட்தான் வளையும். கடைசியாக முனைகள்: குழிவு எந்த அளவுப் பந்துக்கு (10 மில்லிமீட்டர் பந்து பரவலாக இருக்கிறது), முனை திருகி மாட்டுவதா, ராட்டும் குழாயும் என்ன விட்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"எல்லா வேனுக்கும் பொருந்தும்" என்று எழுதியிருப்பதை நம்பி நான் ஒருமுறை வாங்கி, நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் தவறிப்போய்த் திருப்பி அனுப்பினேன். அதன்பிறகு டேப் இல்லாமல் எதையும் வாங்குவதில்லை.

6. ரேக்குக்காக எவ்வளவு நியூட்டன் கூட்டணும்? கேட்டா ஆளுக்கு ஒரு நம்பர் சொல்றாங்க.

ஆளுக்கு ஒரு எண் வருவதற்குக் காரணம், அது ரேக்கின் எடையை மட்டும் பொறுத்தது இல்லை. ரேக் கீலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, ஸ்ட்ரட் கீலுக்கு எவ்வளவு கிட்டத்தில் தள்ளுகிறது என்பதையும் பொறுத்தது. ஏற்றப்பலகை (சீசா) போல நினைத்துக்கொள்ளுங்கள்: ரேக் நீளமான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, ஸ்ட்ரட் குட்டையான பக்கத்தில் தள்ளுகிறது. அதனால் ரேக்கின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஸ்ட்ரட் பல கிலோ தள்ள வேண்டியிருக்கிறது. மூன்று அளவுகள் எடுத்தால் போதும்.

ஒன்று, ரேக்கின் எடை. கழற்றியதும் எடை மெஷினில் வையுங்கள். அதன் நடு எடை எங்கே என்பதைத் துடைப்பக் கட்டை மீது வைத்துச் சமன் செய்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு, கதவு முழுதாகத் திறந்திருக்கும்போது கீலிலிருந்து அந்த நடு எடை வரை உள்ள கிடைத்தூரம். கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோலக் கீலிலிருந்து ஒரு நூல், நடு எடை வருமிடத்திலிருந்து ஒரு நூல் தொங்கவிட்டுத் தரையில் இரண்டுக்கும் நடுவே அளந்தால் வந்துவிடும். மூன்று, அதே நிலையில் கீலிலிருந்து ஸ்ட்ரட் போகிற கோட்டுக்கு உள்ள மிகக் குறைந்த தூரம். கீல் நடுவே தள்ளி இருக்கும் என்பதால், கீல் உயரத்தில் ஒரு நேரான குச்சியைக் கதவின் ஓரம்வரை நீட்டிப் பிடித்து அந்த முனையிலிருந்து ஸ்ட்ரட்டுக்கு டேப் வையுங்கள். இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்து எங்கே குறைவாகக் காட்டுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ரேக் 9 கிலோ, நடு எடை கீலிலிருந்து 90 சென்டிமீட்டர், ஸ்ட்ரட் கோடு கீலிலிருந்து 25 சென்டிமீட்டர். 9 கிலோவை 9.81ஆல் பெருக்கினால் 88 நியூட்டன். அதை 90ஆல் பெருக்கி 25ஆல் வகுத்தால் 318. இரண்டு ஸ்ட்ரட் என்பதால் ஒன்றுக்கு 159 நியூட்டன். பழைய ஸ்ட்ரட்டில் 700 என்று போட்டிருந்தால், புதியது 850க்கும் 870க்கும் நடுவே இருக்க வேண்டும். குளிர்ப் பகுதிக்குப் போகிறவர் என்றால் அந்த வரம்பின் மேல் பக்கம். இவ்வளவுதான் கணக்கு. இதை அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கி இரண்டு முறை திருப்பி அனுப்புவதைவிட எவ்வளவோ மேல்.

7. ஸ்டிக்கர் அழிஞ்சு போச்சு, பழைய விசை என்னன்னே தெரியல. அப்ப?

வேனின் மாடலையும் ஆண்டையும் வைத்து உதிரிபாகப் பட்டியலில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். அங்கேயும் கிடைக்காவிட்டால் முழுக் கதவுக்குமே மேலே சொன்ன கணக்கைப் போட வேண்டியதுதான். ஒருவர் கதவை முழுத் திறப்பில் கம்பால் முட்டுக் கொடுத்துப் பிடிக்க, இரண்டு ஸ்ட்ரட்டையும் கழற்றிவிட்டு, பயணப்பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசைக் கைப்பிடிப் பக்கத்தில் மாட்டி, கதவை அதே உயரத்தில் நிறுத்த எத்தனை கிலோ மேல்நோக்கித் தேவைப்படுகிறது என்று பாருங்கள். ரேக் கதவிலேயே இருக்கட்டும். அந்தக் கிலோவையும், கீலிலிருந்து தராசு வரையிலான கிடைத்தூரத்தையும் கணக்கில் போட்டால் கதவும் ரேக்கும் சேர்ந்த தேவை வந்துவிடும். அதற்கு மேல் பத்துப் பதினைந்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். இதற்குக் கட்டாயம் இரண்டு பேராவது வேண்டும், தனியாகச் செய்யாதீர்கள்.

8. அப்படின்னா சைக்கிளோட சேர்த்தே தூக்குற மாதிரி போட்டுடலாமே? ஒவ்வொரு தடவையும் சைக்கிளை இறக்கணுமா?

இறக்கத்தான் வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

6ஆம் கேள்வியின் அதே உதாரணத்தில் 15 கிலோ சைக்கிள் இரண்டை ஏற்றுவோம். நடு எடை கீலிலிருந்து 95 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் ஒவ்வொரு ஸ்ட்ரட்டுக்கும் இன்னும் 559 நியூட்டன் வேண்டும். மொத்தம் 1,400ஐத் தாண்டிவிடும், பழையதைப் போல இரண்டு மடங்கு. சரி, அதையே வாங்கிப் போட்டுவிட்டீர்கள். இப்போது சைக்கிள் இல்லாத நாளில் கதவை மூட வேண்டும். அந்தக் கூடுதல் விசையை மட்டும் ஜெயிக்கவே கீலிலிருந்து 1.1 மீட்டர் தள்ளி இருக்கும் கைப்பிடியில் ஏறக்குறைய 26 கிலோ எடையாகத் தொங்க வேண்டும். திறக்கும்போது கொஞ்சம் தூக்கியதுமே கதவு மேலே பாயும். குழந்தையின் முகம் அந்த உயரத்தில்தான் இருக்கும்.

இன்னொன்று, ஸ்ட்ரட்டை மாற்றினால் கதவும் கீலும் தாங்கும் எடை கூடிவிடாது. ரேக்கின் எடை வரம்பு, வேன் கையேட்டில் பின்கதவுக்குக் கொடுத்த வரம்பு, இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. பேட்டரி சைக்கிள்கள் ஒன்றே இருபது கிலோவைத் தாண்டுகின்றன. இரண்டு ஏற்றினால் வரம்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். பேட்டரியைக் கழற்றி வேனுக்குள் வைத்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கிலோ குறையும், அதைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரு நாளைக்குப் பத்துமுறை பின்கதவைத் திறக்கிற பழக்கம் உங்களுக்கு என்றால், இழுவைக் கொக்கியில் மாட்டி, சைக்கிளோடு பின்னால் சாய்கிற ரேக்தான் உங்களுக்கு ஏற்றது.

9. கணக்கெல்லாம் வேண்டாம் சார். கிடைக்கிறதுலயே பலமானதா போட்டா கவலையில்ல இல்ல?

சைக்கிளையே ஏற்றாவிட்டாலும் மேலே சொன்ன ஆபத்துகள் சின்ன அளவில் அப்படியே வரும். அதோடு, கதவு மூடியிருக்கும்போதும் ஸ்ட்ரட் ஓய்வெடுப்பதில்லை. அமுங்கியிருக்கிற நிலையில் அது அச்சிட்ட விசையைவிட அதிகமாக, சில ஸ்ட்ரட்களில் மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலாகத் தள்ளும். இரவும் பகலும் அந்த விசை பந்து போல்ட்டையும் அதன் பிராக்கெட்டையும் தகட்டையும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வருடக்கணக்கில் இப்படி நின்ற ஒரு வேனில், கீல் உட்காரும் கூரை விளிம்பில் பெயின்ட் வெடித்துத் துரு எட்டிப்பார்ப்பதை நான் நேரில் பார்த்தேன்.

தேர்வில் சந்தேகம் இருந்தால், குழாயின் அடிமுனையில் சிறு திருகுடன் வாயு குறைக்கும் வால்வு வைத்த ஸ்ட்ரட் கிடைக்கிறது. கொஞ்சம் அதிக விசையில் வாங்கி, வேனில் மாட்டிப் பார்த்து, அதிகம் என்றால் கழற்றி, வால்வு முனை மேலே இருக்கும்படி நிறுத்திப் பிடித்து ஒரு நொடிக்கும் குறைவாகத் திறந்து மூடலாம். வால்வு கீழே இருந்தால் எண்ணெயும் வெளியே வந்துவிடும். இரண்டுக்கும் ஒரே அளவு விடுங்கள், மறுபடி மாட்டிச் சோதியுங்கள். போன வாயு திரும்ப வராது, ஆகவே அவசரம் கூடாது. வால்வு இல்லாத ஸ்ட்ரட்டில் இதை முயற்சியே செய்யாதீர்கள்.

10. நானே மாத்தலாமா, இல்ல மெக்கானிக்கிட்டதான் போகணுமா?

நீங்களே செய்யலாம், கூட ஓர் ஆள் இருந்தால். கருவி என்று பார்த்தால் ஒரு சின்னத் தட்டை ஸ்க்ரூடிரைவர், துளி கிரீஸ், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, அப்புறம் ஒரு நல்ல முட்டுக்கம்பு. சமதரை வேண்டும், காற்று அடிக்கிற நாள் வேண்டாம்.

சைக்கிள்களை இறக்குங்கள். ரேக்கையும் முடிந்தால் கழற்றுங்கள். முடியாவிட்டால் முட்டு இரட்டிப்பாக இருக்கட்டும். கதவை முழுதாகத் திறங்கள். பாதித் திறப்பில் ஸ்ட்ரட் இன்னும் அழுத்தத்தில் இருக்கும், அப்போது முனையைப் பந்தோடு பிடித்து வைக்கிற கிளிப்பை எடுத்தால் ஸ்ட்ரட் உங்கள் மேல் எகிறும். முழுத் திறப்பில்தான் அது நீண்டு தளர்ந்திருக்கும். பிறகு தரையிலிருந்து கதவின் உறுதியான உள்சட்டத்துக்குக் கம்பை முட்டுக் கொடுங்கள். முனையில் துணி சுற்றி, வழுக்காத இடமாகப் பாருங்கள். கூட இருப்பவர் கம்பைவிட்டு நகரவே கூடாது. நல்ல ஸ்ட்ரட் உள்ள கதவில் ஒன்றைக் கழற்றினால் மற்றது தாங்கும் என்று சொல்வார்கள். நாம் மாற்றுவதே தாங்காததால்தான், அதனால் அந்த நம்பிக்கை நமக்கு உதவாது.

ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். பழையதை எடுத்ததும் பந்தைத் துடைத்து, தேய்ந்து தட்டையாகியிருக்கிறதா, போல்ட் ஆடுகிறதா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் பந்து போல்ட்டையும் மாற்றுங்கள். துளி கிரீஸ் தடவி, புதிய ஸ்ட்ரட்டின் குழிவைப் பந்துமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் 'க்ளிக்' என்று உட்காரும். இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

11. அந்தக் கிளிப்பை எப்படி எடுக்கறது? எனக்குப் பறந்து போயி தேடிக்கூடக் கிடைக்கல.

முழுதாக வெளியே எடுக்கத் தேவையில்லை. குழிவின் பின்பக்கம் வளைந்திருக்கும் அந்தக் கம்பியை ஸ்க்ரூடிரைவர் முனையால் சில மில்லிமீட்டர் மட்டும் நெம்புங்கள். அதே சமயம் மறுகையால் முனையைப் பந்திலிருந்து வெளியே இழுங்கள். பந்து விட்டதும் கிளிப் தன் இடத்திலேயே இருக்கும். நெம்பும் முன்பே அதன்மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டால் எகிறினாலும் துணிக்குள் விழும்.

12. ராட் மேல பாக்கணுமா, கீழ பாக்கணுமா?

கதவு மூடியிருக்கும்போது ராட் கீழே, தடித்த குழாய் மேலே. 2ஆம் பதிலில் சொன்ன எண்ணெய் அப்போதுதான் சீல் பக்கம் தேங்கி நின்று அதைக் காயவிடாது. வீட்டில் உதிரியாக வைத்திருந்தாலும் ராட் கீழ்நோக்கி நிறுத்தி வையுங்கள். கதவு திறக்கும்போது ஸ்ட்ரட் திசை மாறுகிற வேன்களில் பழையது எப்படி இருந்ததோ அப்படியே மாட்டுங்கள். கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டால் குழப்பம் வராது.

13. புதுசு போட்டாச்சு. ஆனா பாதி தூரம் கையாலதான் தூக்கணும், அப்புறம்தான் தானா போகுது. ஏமாத்திட்டாங்களா?

இல்லை, சரியாகத்தான் இருக்கிறது. மூடிய நிலையில் ஸ்ட்ரட்டின் கோடு கீலுக்கு மிக அருகில் ஓடும், சில வேன்களில் கிட்டத்தட்ட கீலையே தொட்டுப் போகும். 6இல் சொன்ன ஏற்றப்பலகையில் குட்டைப் பக்கமே இல்லாத நிலை அது. எவ்வளவு பலமான ஸ்ட்ரட்டாக இருந்தாலும் அங்கிருந்து தூக்க முடியாது. கதவு மேலே போகப்போக அந்தத் தூரம் வளர்ந்து, ஒரு புள்ளியில் ஸ்ட்ரட் எடையை ஜெயிக்கும். ரேக் இருந்தால் அந்தப் புள்ளி கொஞ்சம் மேலே தள்ளிப்போகும். இதைச் சரிசெய்கிறேன் என்று விசையைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். முழுத் திறப்பில், குளிர்ந்த காலையில், ரேக்கோடு நிற்கிறதா என்பதுதான் தேர்வு.

14. வருஷத்துல நாலு மாசம்தான் ரேக் மாட்டுவேன். மீதி நாள் கதவு துள்ளாதா?

துள்ளும், எவ்வளவு என்பது ரேக்கைப் பொறுத்தது. 9 கிலோ ரேக் என்றால் கழற்றிய பிறகு மூடுவதற்குக் கைப்பிடியில் ஏழு கிலோ போலக் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும். பெரியவர்களுக்குப் பிரச்சினை இல்லை. திறக்கும்போது கையை விடாமல் கூடவே போகும் பழக்கம் இருந்தால் போதும். உயரம் குறைந்தவர்களுக்குக் கதவின் உள்பக்கம் ஓர் இழுவை நாடா கட்டிக் கொடுங்கள்.

ரேக் கனமானது, வித்தியாசம் பெரிது என்றால் இரண்டு ஜோடி வைத்திருந்து பருவத்துக்கு ஏற்ப மாற்றுகிறவர்களும் உண்டு. ஒருமுறை கை பழகிவிட்டால் கால் மணி நேர வேலை. நான் அப்படித்தான் செய்கிறேன். நடுவாக ஒரு விசையில் வாங்கி இரண்டு நிலைக்கும் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது குளிரில் ரேக்கோடு இறங்குகிற கதவில்தான் போய் நிற்கும் என்பது என் அனுபவம்.

15. தூங்கும்போது கதவை ஒரு விரல்கடை திறந்து வைக்கற காத்தோட்டக் கொக்கி இருக்கு. பலமான ஸ்ட்ரட் போட்டா அது தாங்குமா?

நல்ல கேள்வி, இதை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. அந்த நிலையில் ஸ்ட்ரட் அமுங்கியிருக்கிறது, ஆனால் 13இல் சொன்னதுபோல அதன் கோடு கீலுக்கு அருகில் இருப்பதால் கொக்கியை அது பெரிதாக இழுப்பதில்லை. கொக்கியை உண்மையில் வதைப்பது ரேக்கில் தொங்குகிற சைக்கிள்கள்: காற்றில் வேன் ஆடும்போதெல்லாம் கதவு லாட்சில் அடித்துக்கொண்டே இருக்கும். இரவில் கொக்கி போட்டுத் தூங்கப்போகிறீர்கள் என்றால் சைக்கிளை இறக்கி வேனோடு சேர்த்துப் பூட்டிவிடுங்கள். கொக்கி போட்டபடி வண்டியை ஓட்டவே கூடாது.

16. பட்டனை அமுக்கினா தானா திறக்கற பின்கதவு எங்களோடது. அதுக்கும் இதே முறைதானா?

இல்லை. அதில் ஸ்ட்ரட் போலத் தெரிவது பெரும்பாலும் உள்ளே மோட்டாரும் ஸ்பிரிங்கும் வைத்த வேறு பொருள். எடை மாறினால் கதவு எங்கே இடிக்கிறது என்று கணிக்கிற கருவியும் குழம்பும். அந்தக் கதவில் ரேக் மாட்டலாமா என்பதையே முதலில் வேன் கையேட்டில் பாருங்கள்.

17. கழட்டின பழசை என்ன பண்றது?

கதவைத் தாங்காத ஸ்ட்ரட்டிலும் வாயு பாக்கி இருக்கிறது, பெரும்பாலும் பாதிக்கு மேலேயே. நெருப்பில் போடாதீர்கள், பழைய இரும்போடு சேர்த்து எடைக்கும் போடாதீர்கள். நசுக்கும் இயந்திரத்தில் அது வெடிக்கும் துண்டு. வாகனங்களைப் பிரிக்கிற இடத்தில், இது அழுத்தம் உள்ள பொருள் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

18. புதுசு சீக்கிரம் போகாம இருக்க ஏதாவது பண்ணலாமா?

ராட்டில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் பாதி வேலை. சீல் அந்த வழவழப்பின் மேல்தான் ஓடுகிறது. ஒரு சின்னக் கீறல், ஒரு துளி பெயின்ட், காய்ந்த சேறு போதும், வாயு கசியத் தொடங்கும். சைக்கிளில் வந்த மணலும் சேறும் கதவு ஓரத்தில்தான் சேரும். பயணம் முடிந்ததும் சுத்தமான துணியால் ராட்டைத் துடையுங்கள். மேலே எண்ணெயோ கிரீஸோ பூச வேண்டாம், அது தூசியைத்தான் பிடித்து வைக்கும். கட்டிங் பிளேயரால் ராட்டைப் பிடிக்காதீர்கள். உயர் அழுத்தத் தண்ணீரை நேராகச் சீல் மீது அடிக்காதீர்கள். ஈரத்துணி காயப்போட ஸ்ட்ரட்டில் கயிறு கட்டுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பக்கவாட்டில் இழுபட்டால் ராட் வளைந்து சீல் ஒருபக்கமாகத் தேயும்.

கதவுக்கு அடியில் நின்று வேலை செய்கிறவர்கள், முக்கியமாகக் குழந்தைகள் இருக்கிறவர்கள், ராட் மேல் மாட்டுகிற பூட்டுக் குழல் ஒன்று வாங்கி வையுங்கள். நீளவாட்டில் பிளந்த சிறு குழாய் அது. கதவு முழுதாகத் திறந்ததும் வெளியே தெரிகிற ராட்டின் மீது செருகிவிட்டால் ராட் உள்ளே போகவே முடியாது. எங்கள் வேனில் இப்போது புது ஸ்ட்ரட் இருந்தும், கதவைத் திறந்ததும் என் மகள் முதலில் செய்கிற வேலை அதை மாட்டுவதுதான்.